காரிநங்கை மூடிய இலை

மலைக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. முன்வரிசைக்காரர்கள் காலை மடக்கி உட்காருங்கள். பின்வரிசைக்காரர்கள் கொட்டாவி விடாதீர்கள். இந்தக் கதையில் தூங்க இடமே இல்லை!

மலைப்பக்கத்தில் வெண்மலைப் பேரரசு. கடல்பக்கத்தில் நீள்கரைப் பேரரசு. நடுவில் ஓர் ஆறு. இரண்டும் பன்னிரண்டு வருஷம் அடித்துக்கொண்டன. அடித்து அடித்துக் கை ஓய்ந்தது, களஞ்சியம் ஓய்ந்தது, கடைசியில் திட்டுகிற வாயும் ஓய்ந்தது. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் சமாதானம் என்ற சொல்லே ஞாபகத்துக்கு வந்தது.

நீள்கரையின் சக்கரவர்த்தி பரவைக்கோன் இப்படிச் சொல்லியனுப்பினான்: "உங்கள் தூதர் எங்கள் அரண்மனைக்கு வரட்டும். என் எதிரே உட்கார்ந்து என்னோடு உண்ணட்டும். உண்டு முடித்து நாங்கள் இருவரும் இலையை மூடியதும், உங்கள் கைதிகள் அத்தனை பேருக்கும் கதவு திறக்கும்."

விருந்து நல்லபடி முடிந்தால் கைதிகள் வீட்டுக்கு. விருந்து முறிந்தால் மறுபடியும் போர். போர் என்றால் முதலில் உருளுவது கைதிகளின் தலைதான். அந்தக் காலத்துப் போர்முறை அப்படி.

வெண்மலையின் அரசன் அதிரன் இளவயதுக்காரன். "யார் போகிறீர்கள்?" என்று சபையைக் கேட்டான். ஒரு மந்திரிக்கு முழங்கால் வலி. இன்னொருவருக்கு வீட்டில் மகள் கல்யாணம். மூன்றாமவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை! பின்னே, எதிரி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன யாருக்கு ஆசை வரும்?

அப்போது எழுந்து நின்றாள் காரிநங்கை. அரசனின் அப்பாவுக்கு உடன்பிறந்த தங்கை. "நான் போகிறேன்" என்றாள்.

சபை கிடுகிடுத்துப் போயிற்று. ஏன் தெரியுமா? காரிநங்கைக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. அவள் குரல் உயர்ந்தால் கொட்டிலில் குதிரைகள் கட்டுத்தறியைப் பிடுங்கும். அவளோடு வாய் கொடுத்து மீண்டவர் அந்த நாட்டில் ஒருவரும் இல்லை.

அதிரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அத்தை, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் போனால் சமாதானம் வருமா, சண்டை வருமா?"

"அடேய், கைதிகளில் உன் மாமாவும் ஒருவர், மறந்துவிட்டாயா? என் வீட்டுக்காரரை நான் போய்க் கூட்டி வராமல், முழங்கால் வலிக்காரரா கூட்டி வருவார்?"

அவள் கணவன் மருதவேள் சண்டையில் பிடிபட்டு ஏழு வருஷம் ஆயிற்று. அவனை நினைத்து அவள் அழாத நாள் இல்லை. அழுததை யாரும் பார்த்ததும் இல்லை. அரசனுக்கு அது தெரியும். எழுந்து வந்து அத்தையின் காலைத் தொட்டு, "போய் வாருங்கள்" என்றான்.

காரிநங்கை கோபக்காரிதான், ஆனால் முட்டாள் இல்லை. புறப்படும் முன் ஓர் உப்பு வணிகனைக் கூப்பிட்டு விட்டாள். போருக்கு முன்னே நீள்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தவன் அவன். "அந்த ஊர் வழக்கமெல்லாம் சொல்லு. போகிற இடத்தில் அவர்கள் மனம் கோணக் கூடாது" என்றாள்.

வணிகன் சிரித்தான். "அம்மா, அவர்களுக்கும் நமக்கும் எல்லாமே தலைகீழ்! நாம் விருந்தாளி வந்தால் முரசு அடிப்போம், செத்தால் சங்கு ஊதுவோம். அவர்கள் விருந்தாளிக்குச் சங்கு ஊதுவார்கள். முரசு அடித்தால் அங்கே சண்டை என்று அர்த்தம். நாம் விருந்தாளியைப் பக்கத்தில் பாய் விரித்து உறவாக உட்காரவைப்போம். ஊரைப் பிடித்தவன்தான் இங்கே உயரத்தில் ஏறி உட்காருவான். அவர்களோ விருந்தாளிக்கு உயர்ந்த ஆசனம் கொடுப்பார்கள். பாயில் உட்காருகிறவன் அங்கே கெஞ்ச வந்தவன். இன்னொன்று, இதுதான் முக்கியம். சாப்பிட்டதும் நாம் இலையை நம் பக்கம் மூடினால் உறவு வளரும். எதிர்ப்பக்கம் மூடினால் உறவு அறும், இழவு வீட்டில்தான் அப்படி மூடுவோம். அவர்களுக்கு அதுவும் தலைகீழ். எதிர்ப்பக்கம் மூடினால்தான் உறவு. தன்பக்கம் மூடினால் முறிவு."

காரிநங்கை அவற்றை மனப்பாடம் பண்ணினாள். சங்கு, ஆசனம், இலை. குளிக்கும்போது சொன்னாள், நடக்கும்போது சொன்னாள், தூக்கத்திலும் சொன்னாள். சங்கு, ஆசனம், இலை!

புறப்பட்டது பாருங்கள் தூது! அடேயப்பா! முன்னே கொடி பிடித்த குதிரைகள். பின்னே மலைத்தேன் குடங்கள், சந்தனக் கட்டைகள், மயில்தோகைக் கட்டுகள் சுமந்த யானைகள். நடுவில் பல்லக்கு. பல்லக்கில் காரிநங்கை உட்காரவே இல்லை, எட்டி எட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு படைத்தலைவன் வில்லவன். ஊருக்கு ஊர் ஜனங்கள் ஓடிவந்து, "என் மகன் பெயரைச் சொல்லி விசாரியுங்கள் தாயே", "என் அண்ணனைக் கூட்டி வாருங்கள் தாயே" என்று கத்தினார்கள். "எல்லாரையும் கூட்டி வருகிறேன்! அடுப்பில் உலை வையுங்கள்!" என்று அவள் திரும்பக் கத்தினாள்.

ஆற்றங்கரை வந்தது. அக்கரையில் நீள்கரையின் வரவேற்புக் கூட்டம் பட்டும் பவளமுமாகத் தகதகவென்று நின்றது. காரிநங்கை கையைத் தூக்கினாள். "ஊது சங்கை!" என்றாள்.

வெண்மலையில் சங்கு ஊதத் தெரிந்தவன் சுடுகாட்டுக்காரன் ஒருவன்தான். அவனைத்தான் பட்டுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த ராகம் ஒன்றே ஒன்று. அதை ஊதினான் பாருங்கள், கூட வந்த யானையே கண்கலங்கிற்று!

அக்கரையில் எல்லார் முகமும் வெளுத்தது. அடுத்த கணம் அங்கிருந்து கிளம்பிற்று ஒரு சத்தம். தம் தம் தம் தம்! முரசு!

காரிநங்கைக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. "நாம் மரியாதையாகச் சங்கு ஊதினோம். இவர்கள் சண்டை முரசா அடிக்கிறார்கள்?"

"திரும்பிவிடலாம் அம்மா!" என்று வில்லவன் வாளில் கை வைத்தான்.

அவள் மருதவேளை நினைத்தாள். வந்த கோபத்தைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். "பொறு" என்றாள். ஓடம் அக்கரை சேர்ந்தது.

தலைநகரம் வந்தது. என்ன நகரம் அது! வீதி முழுக்க முத்துத் தோரணம். மாடத்துக்கு மாடம் பெண்கள். துறைமுகத்தில் கப்பல் பாய்மரம் காடாக நின்றது. வேறு சமயமாக இருந்தால் காரிநங்கை வாயைப் பிளந்து பார்த்திருப்பாள். இப்போது கண் நேரே அரண்மனையைத்தான் தேடிற்று.

சபைக்குள் நுழைந்தாள். சக்கரவர்த்தி பரவைக்கோன் அரியணையில் இல்லை. கீழே நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் புதுக் கோரைப்பாய் ஒன்று விரித்திருந்தது. "வாருங்கள், உட்காருங்கள்" என்று பாயைக் காட்டினான்.

பாயா! கெஞ்ச வந்தவர்களுக்குப் போடுகிற பாயா எனக்கு! அவளுக்குக் காது சூடாயிற்று. சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் உயரமான நாற்காலி ஒன்று இருந்தது. விருந்தாளிக்கு இந்த ஊரில் உரியது அதுதானே! விறுவிறுவென்று நடந்து, பாயைத் தாண்டி, நாற்காலியில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தாள்.

சபை "ஆ!" என்றது. சக்கரவர்த்தியின் முகம் சுண்டிப்போயிற்று. அவன் அந்தப் பாயில் தான் மட்டும் உட்கார்ந்தான். காட்சியை நினைத்துப் பாருங்கள்! ஏழு துறைமுகத்துக்கு அதிபதி தரையில். தூது வந்தவள் உச்சாணியில்!

"திரும்பிவிடலாம் அம்மா!" என்று வில்லவன் அவள் காதில் சொன்னான். "இது ஏதோ நாடகம்."

"பொறு" என்றாள். இந்த முறை கோபம் தொண்டையிலேயே நின்றது, முழுசாக இறங்கவில்லை.

மறுநாள் பகல் விருந்து. எதிரெதிரே இரண்டு தலைவாழை இலை. ஒரு பக்கம் பரவைக்கோன், எதிர்ப்பக்கம் காரிநங்கை. அவன் பின்னால் நீள்கரைத் தளபதி, அவள் பின்னால் வில்லவன். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். வலப்புறம் பெரிய முற்றம். முற்றத்துக்கு அப்பால் கம்பிக் கதவு. கதவுக்குப் பின்னால் கைதிகள்!

காரிநங்கை அந்தப் பக்கம் பார்த்தாள். நூறு முகங்களுக்கு நடுவே ஒரு முகம். தாடி நரைத்துவிட்டது. தோள் வற்றிவிட்டது. ஆனால் நிற்கிற நிலை அதே நிலை. மருதவேள்! அவளுக்கு அங்கேயே எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பரிமாறினார்கள். மிளகுக் குழம்பு, சுறாப்புட்டு, நண்டு வறுவல், நெய் ஒழுகும் பருப்பு, தயிர். எதுவும் அவள் நாக்கில் ஏறவில்லை. இலை, இலை, இலை என்றே மனசு அடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் மூட வேண்டும். எதிர்ப்பக்கம். தவறினால் அந்தத் தாடிக்காரர் தலை போய்விடும்.

சாப்பாடு முடிந்தது. மணி அடித்தது. கதவுக்காரன் தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இலையைத் தொட்டார்கள்.

காரிநங்கை தன் இலையை எதிர்ப்பக்கமாக மூடினாள். அப்பாடா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பரவைக்கோன் தன் இலையைத் தன்பக்கமாக மூடியிருந்தான்!

முறிவு! அந்த ஊர் வழக்கப்படி முறிவு! வாளுறைகள் கலகலத்தன. நீள்கரைத் தளபதி "அவள் இலையைப் பாருங்கள் பிரபு, பாருங்கள்!" என்று அலறி வாளை உருவினான். வில்லவனும் உருவினான். கதவுக்காரன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டான். முற்றத்தில் கைதிகள் "ஐயோ" என்றார்கள்.

"இப்போதாவது கிளம்புங்கள் அம்மா!" என்று வில்லவன் கத்தினான்.

காரிநங்கை எழுந்தாள். இரண்டு முறை விழுங்கிய கோபம் மொத்தமாக வாய்க்கு வந்துவிட்டது. சங்குக்கு முரசு அடித்தவனே, ஆசனத்துக்குப் பாய் போட்டவனே, சோறு போட்டு உறவை அறுத்தவனே என்று ஆரம்பிக்கப் போனாள். வாயைத் திறந்துவிட்டாள். கேட்கிறீர்களா? திறந்தேவிட்டாள்!

திறந்த வாயோடு பரவைக்கோன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அவன் முகத்தில் ஏளனம் இல்லை. வெற்றி இல்லை. கோபம்கூட இல்லை. அவள் மூடிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு துடித்துக்கொண்டிருந்தது. கண் நிறைந்திருந்தது. பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவன் முகம் அது.

அவமானம் செய்தவன் முகம் ஏன் அவமானப்பட்டவன் முகமாக இருக்கிறது? நான் இவர்கள் முறைப்படிதானே மூடினேன்? இவனுக்கு ஏன் வலிக்க வேண்டும்?

கோபக்காரி காரிநங்கை, வாழ்க்கையில் முதல் தடவையாக, திட்ட வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி கேட்டாள்.

"சக்கரவர்த்தி, இலையை ஏன் உங்கள் பக்கம் மூடினீர்கள்?"

பரவைக்கோன் திகைத்தான். "ஏனா? உங்கள் நாட்டில் அதுதானே உறவு? உங்களை உங்கள் முறைப்படி மதிக்க வேண்டும் என்றுதான் மூடினேன். நீங்கள் ஏன் அம்மா எதிர்ப்பக்கம் மூடி என் முகத்தில் அடித்தீர்கள்? உங்கள் ஊரில் அது இழவு வீட்டு வழக்கம் என்று எனக்குத் தெரியாதா?"

"அது உங்கள் ஊரில் உறவு இல்லையா! உங்களை உங்கள் முறைப்படி மதிக்க வேண்டும் என்றுதான் நானும் மூடினேன்!"

இரண்டு பேரும் குனிந்து மற்றவர் இலையைப் பார்த்தார்கள்.

"அப்படியானால் முரசு?" என்றாள் அவள்.

"உங்களுக்கு வரவேற்பு. சங்கு?"

"உங்களுக்கு வரவேற்பு! பாய்?"

"உறவாகப் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஊரைப் பிடித்தவள் மாதிரி உச்சியில் ஏறிக்கொண்டீர்கள்!"

காரிநங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சக்கரவர்த்தியும் சிரித்தான். சபை சிரித்தது. உருவிய வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தளபதியும் வில்லவனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறிற்று.

முதலில் சிரிப்பை நிறுத்தியவன் பரவைக்கோன்.

"அம்மா," என்றான் மெல்ல. "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தூதர் ஒருவர் இதே இடத்தில் உண்டார். உண்டு முடித்து இலையைத் தன்பக்கம் மூடினார். சிரித்த முகத்தோடு விடைபெற்றுப் போனார். என் தந்தை கொதித்துப்போனார். உப்பைத் தின்றுவிட்டு உறவை அறுத்தான் என்றார். அடுத்த மாதம் எங்கள் படை ஆற்றைக் கடந்தது."

காரிநங்கையின் முகம் வெளுத்தது. "எங்கள் தூதர், எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் வந்து சொன்னார். காரணமே இல்லாமல் நீங்கள் பாய்ந்தீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்."

"உங்கள் ஊரில் அதுதான் உறவு என்று எனக்கும் போன வருஷம்தான் தெரிந்தது. உங்கள் வழக்கத்தை ஒரு கைதியிடம் கேட்டுக் கற்றேன். இலைக் கணக்கை அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினேன். அதனால்தான் இந்த இலையை உங்கள் முறைப்படி மூட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. அந்தச் சபையில் அண்ணனைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், மகனைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். தளபதி இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவன். ஒரு வாழை இலைக்காகவா என்று அவன் வாய்விட்டு அழுதான். வில்லவன் வாளைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"போனதை மீட்க முடியாது," என்றான் பரவைக்கோன். "ஆனால் இன்றைய இலையை என்ன செய்வது? மூடிய இலை மூடியதுதானே? உங்கள் முறைப்படி உங்கள் இலை முறிவு. எங்கள் முறைப்படி என் இலை முறிவு."

காரிநங்கை ஒரு கணம் யோசித்தாள். பிறகு சட்டென்று உட்கார்ந்து, தன் இலையைப் பிரித்து விரித்தாள்!

"யார் மூடினது? நான் இன்னும் சாப்பிட்டே முடிக்கவில்லை. இந்த ஊரில் பாயசமே கிடையாதா?"

மூடிய இலையைத் திறக்கிற வழக்கம் மலையிலும் இல்லை, கடலிலும் இல்லை. பரவைக்கோன் விழித்தான். அப்புறம் அவனும் உட்கார்ந்து தன் இலையை விரித்தான். "பாயசம் கொண்டு வாருங்கள்! கதவைத் திறங்கள்! அத்தனை பேருக்கும் இலை போடுங்கள்!"

கதவு திறந்தது. கைதிகள் கூச்சலும் அழுகையுமாக முற்றத்தில் கொட்டினார்கள். மருதவேள் நேராக நடந்து வந்து மனைவியின் முன் நின்றான். ஏழு வருஷம்! அவள் அவன் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், எல்லார் எதிரிலும் ஓவென்று அழுதாள்.

பரவைக்கோன் சொன்னான்: "அம்மா, எனக்கு உங்கள் வழக்கத்தைக் கற்றுத் தந்த கைதி இவர்தான்."

அழுகை டக்கென்று நின்றது. காரிநங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். மூக்கு நுனிக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

"ஓகோ! இத்தனை கூத்துக்கும் நீங்கள்தானா காரணம்? வருகிற தூதரும் இந்த ஊர் வழக்கத்தைப் படித்துவிட்டு வரலாமே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?"

மருதவேள் கைகூப்பினான். "தூதர் நீதான் என்று நேற்றே காவல்காரர்கள் சொன்னார்கள், நங்கை. என்னோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணி என் வழக்கத்தையே நீ கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த நாட்டு வழக்கத்தைக் கற்றுக்கொண்டு வருவாய் என்று நான் எப்படி அம்மா கனவு காண்பேன்?"

சபை வெடித்துச் சிரித்தது. காரிநங்கை அவனை முறைத்தாள். முறைத்தபடியே கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்து பாயசத்தை வழித்து அவன் வாயில் ஊட்டினாள்.

அன்றிலிருந்து அந்த இரண்டு நாட்டுத் தூதர்களும் விருந்து முடிந்தால் இலையை எந்தப் பக்கமும் மூடுவதில்லையாம். விரித்தபடியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்களாம்.

எழுந்து வீட்டுக்குப் போகிறவர்கள் இதையும் கையோடு கொண்டுபோங்கள்: ஒருவர் செய்தது உன் மனதைப் புண்படுத்தினால், வாளை உருவுவதற்கு முன்னே "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.